பாசிட்டிவ் அம்சவள்ளி

வடக்கனந்தலில் அம்சவள்ளியிடம் திட்டு வாங்காதவர்கள் குறைவு. டாட்டா ஏஸ் டிரைவர் வாங்கியிருக்கிறான். குழாய்த் தண்ணீர் திறந்துவிடுகிறவர் வாங்கியிருக்கிறார். ஓட்டுக் கேட்டு வந்த மூன்று கட்சிக்காரர்களும் ஒரே வாசலில், ஒரே நாளில், பாரபட்சமில்லாமல் வாங்கிப் போயிருக்கிறார்கள். மரவள்ளிக் கிழங்குக்கும் விலக்கில்லை. செடியைப் பிடித்து இழுக்கும்போது கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கி, தண்டு மட்டும் முறிந்து கையோடு வந்தால், அந்தக் கிழங்கின் பிறப்பைப் பற்றி அவள் சொல்வதைக் கேட்க அடுத்த கொல்லைக் காட்டில் இருப்பவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வருவார்கள்.

கிழங்கு பிடுங்க ஆள் சேர்த்துக் கூட்டிப்போவதுதான் அவள் தொழில். ஊரில் மேஸ்திரி என்பார்கள். காலையில் பெண்களை வண்டியில் ஏற்றி, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் போய், பொழுது சாய்வதற்குள் இறக்கிக் கொண்டுவந்துவிடுவாள். புருஷன் வீரமுத்து கரும்பு லாரி ஓட்டுகிறவன். வீட்டில் பேச்சு முழுவதையும் அவளே எடுத்துக்கொண்டதால் அவனுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. அவனும் கேட்டதில்லை.

நாற்பத்தாறாவது வயதில் அவளுடைய இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. கிழங்கு மூட்டை இடித்த வீக்கம் என்று முடிவு செய்து மூட்டையைத் திட்டினாள். கட்டி போகவில்லை. வலிக்கவும் இல்லை. வலிக்காத எதையும் நோய் என்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனதும் அவளுக்காக இல்லை. வீரமுத்துவின் மூலத்துக்காக. லாரி சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்கு அது முற்றிப்போயிருந்தது. டாக்டரிடம் காட்ட வெட்கப்பட்டுக்கொண்டு, சீட்டின் மேல் ஒரு தலையணை போட்டு ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் அம்சவள்ளி அவனை இழுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினாள். ஏன் உட்காராமல் நின்றுகொண்டே வருகிறான் என்று கண்டக்டர் கேட்டதற்கு அவள் விளக்கமாகப் பதில் சொன்னதில் பஸ் முழுவதும் அவன் நிலைமையைத் தெரிந்துகொண்டது.

ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ் அவளைப் பார்த்து, உங்களுக்கு ஏதாவது இருக்கா என்று பேச்சுக்குக் கேட்டார்.

"எனக்கு இன்னா, நான் நல்லாத்தான் கீறேன். இங்க ஒரு கட்டி மட்டும் அது பாட்டுக்குக் கெடக்குது" என்றாள் அம்சவள்ளி.

நர்ஸ் திரை மறைவுக்குக் கூட்டிப்போய்த் தொட்டுப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் முகம் மாறியதை அம்சவள்ளி கவனித்தாள். அன்றைக்கு வீரமுத்துவுக்குக் களிம்பு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளைப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதைத் துண்டு எடுத்தார்கள். அடுத்த வாரம் போனபோது டாக்டர் நிர்மலா அவளை எதிரே உட்கார வைத்து, கேன்சர்தான் என்று சொன்னார். வீரமுத்து நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். அம்சவள்ளி கொஞ்ச நேரம் டாக்டருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தாள்.

"சரி. எடுத்துடுங்க. வெள்ளிக்கெழம நான் மலைக்குப் போவணும்."

"உடனே எடுக்க முடியாதும்மா. அது எந்த மாதிரி கேன்சர்னு முதல்ல பார்க்கணும்."

"கேன்சர்ல இன்னா மாதிரி? கேன்சர்னா கேன்சர்தான்."

டாக்டர் பொறுமைசாலி. "உடம்பு முழுக்கச் செல்லு செல்லா இருக்கும்மா. ஒவ்வொரு செல்லுக்கும் மேல சின்னச் சின்னப் புரதமா நீட்டிக்கிட்டு இருக்கும். சில பேரோட கேன்சர் செல்லுல, அதுல ஒண்ணு மட்டும் அளவுக்கு மீறி இருக்கும். ஹெர்-டூன்னு பேரு. அது இருந்தா, அதையே தேடிப் போய் ஒட்டிக்கிற மருந்து நம்மகிட்ட இருக்கு. இல்லைன்னா அந்த மருந்தைப் போட்டுப் பிரயோஜனம் இல்லை."

"நல்ல செல்லுல அது கெடையாதா?"

"இருக்கும். கம்மியா இருக்கும். கெட்டதுல மேலெல்லாம் மொய்ச்சுக்கிட்டு இருக்கும்."

"இந்தச் சனியன் எங்கேர்ந்து வந்து உள்ள பூந்துச்சு?"

"எங்கிருந்தும் வரலைம்மா. உங்க சொந்தச் செல்லுதான், கெட்டுப்போயிடுச்சு. சொந்தமா இருக்கறதாலதான் உடம்பே அதைச் சந்தேகப்படாம விட்டுடுது."

அம்சவள்ளிக்கு இது உடனே புரிந்தது. "எங்க கொழுந்தன் மாதிரி. சொந்தமாச்சேன்னு உள்ள வுட்டோம். இப்போ வூட்டையே எழுதிக் குடுன்றான். ஏன் டாக்டரம்மா, அவனுக்கும் மேல எதனா நீட்டிக்கினு இருக்குதான்னு பாத்து ஒரு ஊசி போட முடியுமா?"

டாக்டர் நிர்மலா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைக்க அவருக்கு அதுதான் வழி. வீரமுத்து மட்டும் தரையைப் பார்த்தான். அது அவன் தம்பி.

எடுத்த சதையில் சாயம் போட்டுப் பார்ப்பார்களாம். அந்தப் புரதம் இருந்தால் செல்லின் ஓரமெல்லாம் பழுப்பாகத் தெரியுமாம். போட்டுப் பார்த்ததில், அம்சவள்ளியின் செல்கள் அவளைப் போல வெளிப்படையாகப் பேசவில்லை. பழுப்பும் இல்லை, பழுப்பு இல்லாமலும் இல்லை, நடுவில் நின்றது. இதை வைத்து முடிவு சொல்ல முடியாது, செல்லுக்கு உள்ளே போய்ப் பார்க்கிற இன்னொரு டெஸ்ட் இருக்கிறது, அது வெளியூர் லேபில்தான் செய்வார்கள், காத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"மல்லிப்பூ வாங்கியாடின்னா, இருக்குதா இல்லியான்னு தெரியலன்னு வந்து நிக்கறா மாதிரி கீது" என்று சொல்லிவிட்டு அம்சவள்ளி எழுந்துவந்தாள்.

காத்திருந்த அந்த நாட்களில் அவள் மலைக்குப் போவதை நிறுத்தவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் சொந்தக்காரர்கள் வந்து அழுவார்கள், அழுகிறவர்களுக்குக் காபி போட வேண்டும் என்பது அவள் கணக்கு. ஆனால் ஒருநாள் மத்தியானம், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சரிவுக் கொல்லையில், மற்றவர்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருக்கும்போது அவள் மட்டும் தனியாகப் போய் ஒரு பாறை மறைவில் உட்கார்ந்தாள். கீழே தூரத்தில் கோமுகி அணையின் தண்ணீர் தகரம் போல மின்னியது. கை தானாகக் கட்டியின் மேல் போனது. முதன்முதலாக அவளுக்குப் பயம் வந்தது. அழுகை வரும் என்று நினைத்தாள். வசவுதான் வந்தது.

"ஏண்டி நாதாரி, மேல இன்னா வச்சினுகீறேன்னு காட்டித் தொலையேன். என் சோத்தத் தின்னுக்கினு, என் வூட்லயே குந்திக்கினு, எனக்கே மறைக்கறியா?"

திட்டி முடித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டாள். கூட்டத்தில் அவளுக்கு நெருக்கமானவள் சின்னக்கண்ணு, யாரை அக்கா திட்டினே என்று கேட்டதற்கு, ஒரு சொந்தக்காரியை என்றாள்.

புதுச்சேரியிலிருந்து போன் வந்தது. போனார்கள். டாக்டர் இந்த முறை சிரிப்பை மறைக்கவில்லை. "பாசிட்டிவ்னு வந்திருக்கும்மா. முன்னெல்லாம் இது கெட்ட சேதி. வேகமா வளர்ற ஜாதி. இப்ப மருந்து இருக்கறதால நல்ல சேதின்னே சொல்லலாம். முதல்ல கீமோவும் இந்த ஊசியும் சேர்த்துப் போடுவோம். கட்டி சுருங்கினதும் ஆபரேஷன். அப்புறமும் மூணு வாரத்துக்கு ஒரு தடவை ஊசி, மொத்தம் ஒரு வருஷம்."

கள்ளக்குறிச்சியில் இறங்கி டவுன் பஸ் ஏறியதுமே அம்சவள்ளி சின்னக்கண்ணுவுக்குப் போன் போட்டாள். ஏதோ டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான் சின்னக்கண்ணுவுக்குத் தெரியும். போனில் பேசுவதற்கும் மலையில் அடுத்த கொல்லைக்குக் கூப்பிடுவதற்கும் அவள் குரலில் வித்தியாசம் இருக்காது.

"பாசிட்டிவ்னு வந்துட்ச்சிடி. ஆமா, பாண்டிச்சேரிலதான் சொன்னாங்க. இனிமே வருஷம் பூரா ஊசிதான். எல்லாம் இவனாலதான்டி. இவனுக்கு அந்த எடத்துல வந்ததாலதான் எனக்கு இருக்கறதே தெரிஞ்சுது."

சின்னக்கண்ணுவின் பக்கம் மலையில் டவர் விட்டு விட்டுத்தான் கிடைத்தது. பஸ்ஸில் அவளுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த காசிநாதனுக்கு எல்லாமே தெளிவாகக் கேட்டது. காசிநாதன் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருப்பவர். கெட்டவர் இல்லை. அரைகுறையாகக் கேட்ட எதையும் அப்படியே விட மனம் வராமல், தன் செலவில் முழுசாக்கித் தருகிற ஆள். மறுநாள் காலை டீ ஆறுவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அம்சவள்ளிக்கு எச்.ஐ.வி. லாரிக்காரன் கொடுத்தது.

முதலில் வண்டியில் இடம் விரிந்தது. நெருக்கிக்கொண்டு உட்காரும் பெண்கள் அவளைச் சுற்றி ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குடம் வந்தது. விஷயம் எப்படியோ தெரிந்து, கேன்சர்காரி என்று பாவம் பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று அம்சவள்ளி நினைத்துக்கொண்டாள். கால் நீட்ட வசதியாகவும் இருந்தது. முதல் கீமோ போட்டதில் வாந்தியும், அடுத்து முடி கொட்டலும் வந்ததால் மற்றதைக் கவனிக்க அவளுக்கு நேரமும் இல்லை.

வீரமுத்துவின் கதை வேறு. மூலத்துக்கே வெட்கப்பட்ட அந்த மனுஷனைச் சர்க்கரை ஆலை வாசலில் லாரிக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பரிதாபம் கொஞ்சமும் மரியாதை நிறையவும் இருந்தது. ஒருத்தன் கேட்டேவிட்டான். "ஆந்திராப் பக்கம் லோடு போனியே, அப்பவாண்ணே?"

"அதெல்லாம் இப்போ எதுக்குப்பா, வுடு" என்றான் வீரமுத்து. அந்த ஒரு பதிலில் அவன் பெயர் உளுந்தூர்பேட்டை வரைக்கும் போனது.

உண்மையை உடைத்தது சின்னக்கண்ணு. கொல்லையில் சாப்பாட்டு வேளையில் எதிரே வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறினாள்.

"அக்கா, கோச்சிக்காத. நாமெல்லாம் ஒரே சொம்புல தண்ணி குடிச்சிக்கினு இருந்தோம். எங்களுக்கும் டெஸ்ட்டு எடுக்கணுமா?"

"கேன்சரு எப்டிடி சொம்புல வரும்?"

"கேன்சரா? உனக்கு அந்தப் பாசிட்டிவ்னு இல்ல சொல்லிக்கினு இருக்காங்க."

எந்தப் பாசிட்டிவ் என்று அம்சவள்ளிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த சோற்றுருண்டையைத் தூக்குக்குள் போட்டுவிட்டாள்.

"கூறுகெட்டவளே, அந்த நோவே வந்திருந்தாலும் ஒரே சொம்புல குடிச்சா ஒட்டாது. வந்தவளத் தள்ளி குந்த வெப்பீங்களா? அவ இன்னா பண்ணா உங்கள?" என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தி, "யாரு சொன்னது?" என்றாள். காசிநாதன் பஸ்ஸில் தன் காதாலேயே கேட்டதாகச் சொன்னார் என்றாள் சின்னக்கண்ணு.

மறுநாள் காலை மலைக்குப் போகும் வண்டியைப் பஸ் நிறுத்தத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கினாள். டீக்கடையில் கூட்டம் இருந்தது. பெண்களும் பின்னாலேயே இறங்கினார்கள். இதை வண்டியில் உட்கார்ந்து கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

"ஒரு டீ போடுண்ணா" என்றாள்.

காசிநாதன் டீயைப் பேப்பர் கப்பில் ஊற்றி நீட்டினார். அம்சவள்ளி சுற்றிப் பார்த்தாள். மற்ற எல்லோர் கையிலும் கண்ணாடி கிளாஸ்.

"எனக்கு மட்டும் இன்னா புது மரியாதை? கிளாஸ்ல குடு."

"இல்லம்மா, கிளாஸ் கம்மியா கீது..."

"காலியாவுற வரைக்கும் நிக்கறேன். எனக்கு அவசரம் இல்ல."

காசிநாதன் கிளாஸில் ஊற்றினார். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். மொட்டைத் தலை வெயிலில் தெரிந்தது.

"எனக்கு இருக்கறது மார்ல கேன்சரு. இந்தப் பக்கம். யாருக்காவது சந்தேகம் இருந்தா சொல்லுங்க, காட்டறேன்" என்றாள். ஆண்கள் அவசரமாக டீயைப் பார்த்தார்கள். "அந்தச் செல்லுக்கு மேல முள்ளு முள்ளா ஒண்ணு இருக்குது. ஹெர்-டூன்னு பேரு. அது இருந்தா பாசிட்டிவு. அது இருக்கறதாலதான் ஊசி மருந்து நேரா அவள அடையாளம் கண்டுபுடிச்சிப் புடிக்குது. எனக்கு அது வந்திச்சேன்னு சந்தோசமா பஸ்ல பேசிக்கினு வந்தேன். அதுல கால்வாசியக் கேட்டுக்கினு, முக்காவாசிய நீயே போட்டு, என் புருசன ஊர் மேயறவன் ஆக்கிட்டியேண்ணா. அந்த ஆளப் பாத்தா அப்டியா தெரியுது? ஒரு களிம்பு போடறதுக்கே வெளக்க அணைக்கச் சொல்ற ஆளு."

யாரோ பின்னால் சிரித்தார்கள். காசிநாதன், "பஸ் சத்தத்துல சரியா கேக்கல அம்சவள்ளி" என்றார்.

"சரியா கேக்கலன்னா திரும்பக் கேளு. உனக்கு முன் சீட்லதான இருந்தேன்."

டீயை முடித்தாள். காலி கிளாஸ்கள் கிடந்த வாளியில் தன் கிளாஸையும் போட்டு, கையை முழங்கை வரை விட்டு நன்றாகக் கலக்கினாள். "இப்போ எது என்னுதுன்னு கண்டுபுடி, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறினாள். காசிநாதன் வாளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கூட்டமும் அவரைப் பார்த்தது. பிறகு அவர் அதிலிருந்து ஒரு கிளாஸை எடுத்து அலசி, தனக்கே ஒரு டீ போட்டுக் குடித்தார். அன்றைக்குக் கடையை நடத்த அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

வண்டியில் சின்னக்கண்ணு அவளை ஒட்டி உட்கார்ந்தாள். "தள்ளிக் குந்துடி, வேர்க்குது" என்றாள் அம்சவள்ளி. அவள் தள்ளவில்லை.

வீரமுத்துவின் விசாரணை அடுத்த ஊசிக்குப் புதுச்சேரி போகும் பஸ்ஸில் நடந்தது.

"ஆந்திராவான்னு கேட்டாங்களாமே. இல்லன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாய்யா உனக்கு?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். திருவெண்ணெய்நல்லூர்ச் சாலை பிரிவது வரைக்கும் ஜன்னல் கம்பியின் துருவைச் சுரண்டினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "இத்தினி வருசத்துல ஒருத்தனும் என்ன அப்டி நெனச்சதில்ல அம்சா."

அவளுக்கு வந்த கோபம் விழுப்புரம் வரைக்கும் இருந்தது. விழுப்புரத்தில் பஸ் நின்றபோது, பக்கத்தில் தன் புருஷன் கையோடு கொண்டுவந்த தலையணையைச் சரிசெய்து அதன்மேல் ஜாக்கிரதையாக உட்காருவதைப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கீமோவுக்கு அப்புறம் அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, பக்கத்துச் சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

கட்டி சுருங்கியது. பின்னர் ஆபரேஷன் செய்து இடது மார்பை எடுத்தார்கள். அவள் அதைப் பற்றி அழுதது ஒரே ஒரு தடவை, குளிக்கும்போது, தண்ணீர்ச் சத்தத்தில். அதற்கப்புறம் ஜாக்கெட்டின் ஒரு பக்கத்தைத் தைத்துச் சின்னதாக்கிக்கொண்டு, துணி கொஞ்சம் மிச்சம் என்றாள். ஊசி மருந்து இதயத்தைச் சோர வைக்கலாம் என்று நடுநடுவே ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் நன்றாக இருப்பதாகச் சொன்னபோது, அது ஊருக்கே தெரிந்த விஷயம் என்று டாக்டரிடம் சொன்னாள். ஊரில் அவளுக்குப் பாசிட்டிவ் அம்சவள்ளி என்றே பெயர் நிலைத்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாள்.

வருஷத்தின் கடைசி ஊசிக்குப் போன அன்று, காத்திருக்கும் கூடத்தில் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்தாள். பெயர் சந்தியா, ஊர் திருநாவலூர். முப்பது வயதுகூட இருக்காது. அம்சவள்ளி விசாரித்ததும் அவள் முகம் மலர்ந்தது. "எனக்கு அந்த டெஸ்ட்டு நெகட்டிவ்னு வந்துடுச்சிக்கா. சாமிதான் காப்பாத்துச்சு. தேங்கா ஒடைக்கறதா வேண்டிக்கினு இருந்தேன்."

அம்சவள்ளி வாயைத் திறந்தாள். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த வீரமுத்து, இதுவரை பார்த்திராத ஒன்றைப் பார்ப்பது போல அவளைத் திரும்பிப் பார்த்தான். நெகட்டிவ் என்றால் தேடிப் போய் ஒட்டுகிற அந்த மருந்து இவளுக்கு இல்லை என்று அம்சவள்ளிக்குத் தெரியும். அதை இந்தச் சிரிப்பிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "தேங்கா ஒடைக்கறியா? நல்லா ஒட" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாத்ரூம் போவதாகச் சாக்குச் சொல்லி எழுந்து நேரே டாக்டர் நிர்மலாவின் அறைக்குள் போனாள்.

"அந்தப் பொண்ணுக்கு நெகட்டிவாம். அவளுக்கு இன்னா பண்ணப் போறீங்க?"

"அடுத்தவங்க விஷயத்தை நான் உங்ககிட்ட சொல்லக் கூடாதும்மா."

"அவளப் பத்திச் சொல்ல வேணாம். பொதுவா சொல்லுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பொதுவா, ஹெர்-டூ இல்லாதவங்கள்ல பாதிப் பேருக்கு மேலேயே அடையாளம் வேற இடத்துல இருக்கும். செல்லுக்கு மேல இல்லை, உள்ள. அதுக்கு மாத்திரை இருக்கு. பல வருஷம் சாப்பிடணும், நல்லாவே கேட்கும். அதுவும் இல்லைன்னா கீமோ இருக்கு, வேற மருந்தும் வந்துக்கிட்டே இருக்கு. யாரையும் சும்மா அனுப்பறதில்லை."

"உள்ள வச்சினு வெளிய காட்டாதவதான் ஜாஸ்தி டேஞ்சருன்னு நெனச்சேன்."

"இந்த விஷயத்துல அப்படி இல்லை."

"அப்போ சரி" என்று எழுந்தாள்.

கூடத்தில் சந்தியா இன்னும் தன் முறைக்காகக் காத்திருந்தாள். காலையில் கிளம்பியது, ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். அம்சவள்ளி வீரமுத்துவை அவள் இடத்தில் உட்காரச் சொன்னாள். பெயர் கூப்பிட்டால் ஓடிவந்து சொல்ல வேண்டும், தூங்கினால் தொலைத்துவிடுவேன் என்றாள்.

"வாடி, கேன்டீனுக்குப் போவலாம். இட்லி கல்லு மாதிரி இருக்கும். சாம்பார்ல ஊற வெச்சித்தான் தின்னணும்."

"டாக்டர் கூப்ட்டுடப் போறாங்கக்கா."

"கூப்ட்டா காத்திருப்பாங்க. டாக்டரம்மா நம்ம ஆளுதான். உன்கிட்ட எதனா புரியாத மாதிரி சொன்னா, தலைய ஆட்டிட்டு வராத. திரும்பக் கேளு. புரியற வரைக்கும் கேளு. கோச்சிக்க மாட்டாங்க, கண்ணாடியத் தொடப்பாங்க."

சந்தியா புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். இருவரும் கேன்டீன் பக்கம் நடந்தார்கள். பாதி வழியில், சக்கர நாற்காலியைக் குறுக்கே விட்டுவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்த வார்டு பாய் ஒருவன் அம்சவள்ளியிடம் சிக்கினான்.